செம்பின் நானோ துகள்கள்: துணியில் கிருமியைக் கொல்லும் பொருள் உடலுக்குள் மருந்தாகுமா?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்களின் அரசு மருத்துவமனைகளுக்கு வருவோர் அண்மைக் காலமாக ஒரு கேள்வியை எழுப்புகின்றனர். "செம்பு எல்லாக் கிருமியையும் கொல்லும் என்கிறார்களே, நானோ செம்பு அதைவிட வேகமாகக் கொல்லுமாமே, வாங்கிப் பயன்படுத்தலாமா?" என்பதே அக்கேள்வி. கேட்பவர்களுள் சர்க்கரை நோயால் ஆறாத கால்புண்ணுடன் வரும் முதியவரின் மகள் இருக்கிறார். காசநோயாளியைப் பராமரிக்கும் மனைவி இருக்கிறார். மானாவாரிக் காட்டில் மருந்து தெளித்துவிட்டு இருமலுடன் வரும் விவசாயியும் இருக்கிறார். கைப்பேசியில் வரும் விளம்பரங்களும் செய்தித்தாள்களில் வரும் ஆராய்ச்சிச் செய்திகளும் அவர்களுக்கு ஒன்றாகவே தோன்றுகின்றன.

இதற்கான சுருக்கமான விடை பின்வருமாறு. செம்பு கிருமிகளைக் கொல்கிறது என்பது உண்மை. அந்த ஆற்றல் நன்கு மெய்ப்பிக்கப்பட்டிருப்பது துணி, கைப்பிடி, பாத்திரம் போன்ற உடலுக்கு வெளியே உள்ள பரப்புகளில்தான். உண்பதற்கும், முகர்வதற்கும், திறந்த புண்ணில் தாமாகவே ஊற்றுவதற்கும் அது சான்றாகாது. இவ்வேறுபாட்டை அறியாமல் மருத்துவர் தந்த சிகிச்சையை நிறுத்திவிடுவதே பெரும் ஆபத்தாகும்.

செய்தியில் வந்தது என்ன?

2022ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், செம்பு அடிப்படையிலான நானோ துகள்கள் பூசப்பட்ட முகக்கவசம் ஒன்று இந்தியாவில் உருவாக்கப்பட்டதாக மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை அறிவித்தது. அதனை உருவாக்கியது ஐதராபாத்தில் உள்ள ஏ.ஆர்.சி.ஐ. என்னும் உலோகத்தூள் மற்றும் புதிய பொருள்களுக்கான ஆய்வு மையம். ஐதராபாத்தின் செல்லியல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் பெங்களூருவைச் சேர்ந்த ரெசில் கெமிக்கல்ஸ் நிறுவனமும் அதனுடன் இணைந்து பணியாற்றின. ஏறத்தாழ 20 நானோமீட்டர் அளவுள்ள துகள்கள் பருத்தித் துணியில் பூசப்பட்டன. அத்துணி பாக்டீரியாக்களை 99.9 விழுக்காட்டுக்கும் மேலாக அழித்ததாகவும், கோவிட் நோய்க்கான வைரசை 99.9 விழுக்காடு செயலிழக்கச் செய்ததாகவும் தெரிவிக்கப்பட்டது.

இது பெருமைப்படத்தக்க ஆய்வு. எனினும் இச்செய்தியை வாசிக்கும்போது மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, அழிவு அளக்கப்பட்ட இடம் துணியின் பரப்பு. துணியில் படிந்த வைரஸ் அழிவதால், கவசத்தைத் தொட்டுக் கழற்றும்போது கை வழியே தொற்றும் வாய்ப்புக் குறைகிறது.

இரண்டாவது, மூச்சு வழியே வரும் நுண்துளிகளைத் தடுப்பது கவசத்தின் வடிகட்டும் திறனும், அது முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்துவதும் ஆகும். பூச்சு இருப்பதாலேயே மெல்லிய துணி நல்ல வடிகட்டியாகிவிடாது. ஒற்றை அடுக்குக் கவசத்தை வழக்கமான கவசத்தின் மேல் வெளிக்கவசமாக அணிவதே ஏற்றது என்றுதான் அவ்வறிவிப்பும் குறிப்பிட்டது. காசநோயாளியைப் பராமரிப்போர் இதனைக் குறிப்பாக நினைவில் கொள்ள வேண்டும். காற்றோட்டமான அறை, இருமும்போது வாயை மூடுதல், மாத்திரைகளை இடைவிடாமல் உட்கொள்ளுதல் ஆகியவற்றுக்கு எந்தப் பூச்சும் மாற்றாகாது.

மூன்றாவது, 99.9 விழுக்காடு என்பது முழுமையான அழிவன்று. பத்து லட்சம் கிருமிகளில் 99.9 விழுக்காடு அழிந்தாலும் 1,000 கிருமிகள் எஞ்சுகின்றன. சில பாக்டீரியாக்கள் சாதகமான சூழலில் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அவ்வாறு பெருகினால் எஞ்சிய ஆயிரம் மூன்றரை மணி நேரத்திற்குள் மீண்டும் பத்து லட்சமாகிவிடும். சீழும் இறந்த திசுவும் நிறைந்த புண் அத்தகைய சூழலே.

செம்பு கிருமியை எவ்வாறு கொல்கிறது?

ஈரம் படும்போது செம்பின் பரப்பிலிருந்து மின்னேற்றம் பெற்ற அணுக்கள், அதாவது அயனிகள், வெளியேறுகின்றன. இவை கிருமியின் வெளிச்சவ்வைச் சிதைக்கின்றன. உள்ளே நுழைந்து புரதங்களையும் மரபுப்பொருளையும் கெடுக்கின்றன. அப்போது உருவாகும் வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் சேதத்தை மேலும் பெருக்குகின்றன. ஒரே நேரத்தில் பல இடங்களில் தாக்குவதே செம்பின் வலிமை.

இதற்கு உலகளாவிய சான்றுகள் உள்ளன. 2008ஆம் ஆண்டு அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, குறிப்பிட்ட செப்புக் கலவை உலோகங்களைக் கிருமி அழிக்கும் பரப்புகளாகப் பதிவு செய்தது. முறையாகத் துப்புரவு செய்யப்படும் அப்பரப்புகளில் இரண்டு மணி நேரத்திற்குள் 99.9 விழுக்காடு பாக்டீரியாக்கள் அழிகின்றன என்பதே பதிவுக்கு அடிப்படை. 2020ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், கோவிட் வைரஸ் நெகிழியிலும் எஃகிலும் இரண்டு மூன்று நாள்கள் வரை உயிர்ப்புடன் காணப்பட்டது. செம்பில் நான்கு மணி நேரத்திற்குப் பின் காணப்படவில்லை.

கிருமியைச் சிதைக்கும் இதே வேதிவினைகள், செம்பு மிகுதியாகச் சேரும் இடத்தில் மனித உயிரணுக்களையும் சிதைக்கக்கூடும். நம் தோலின் மேலடுக்கு இறந்த செல்களால் ஆனது. ஆகவே அது நல்ல அரணாக நிற்கிறது. நுரையீரல், குடல், திறந்த புண் ஆகியவற்றுக்கு அத்தகைய அரண் இல்லை.

நானோ அளவில் மாறுவது எது?

ஒரு கிராம் செம்பை ஒரே கட்டியாக வைத்தால் அதன் வெளிப்பரப்பு ஏறக்குறைய ஒன்றரைச் சதுர சென்டிமீட்டருக்குள் அடங்கும். அதே ஒரு கிராமை 20 நானோமீட்டர் உருண்டைகளாக்கினால், அவற்றின் மொத்தப் பரப்பு 33 சதுர மீட்டரைத் தாண்டும். அது 360 சதுர அடி, அதாவது ஒரு சிறிய தொகுப்பு வீட்டின் தரைப்பரப்பு. பரப்பு பெருகப் பெருக அயனிகள் வெளியேறுவதும் பெருகுகிறது. குறைந்த செம்பைக் கொண்டு நிறையக் கிருமிகளை அழிக்க முடிவது இதனால்தான். நச்சுத்தன்மை கூடுவதும் இதனால்தான்.

2006ஆம் ஆண்டு சீன அறிவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டியது. சுண்டெலிகளுக்கு வாய்வழியே செம்பு கொடுக்கப்பட்டது. அவற்றுள் பாதி இறப்பதற்குத் தேவையான அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, சற்றுப் பெரிய நுண்தூளாகக் கொடுத்தபோது 5,000 மில்லிகிராமுக்கும் மேலாக இருந்தது. நானோ துகளாகக் கொடுத்தபோது 413 மில்லிகிராமிலேயே அது நிகழ்ந்தது. நீரில் கரைந்த செப்பு உப்பாகக் கொடுத்தபோது 110 மில்லிகிராமே போதுமானதாயிற்று. நானோ துகள் கொடுக்கப்பட்ட எலிகளின் சிறுநீரகம், கல்லீரல், மண்ணீரல் ஆகியன பாதிக்கப்பட்டிருந்தன. 2008இல் சுவீடன் ஆய்வாளர்கள் பல உலோக ஆக்சைடு நானோ துகள்களை மனித நுரையீரல் செல்களின்மீது ஒப்பிட்டுச் சோதித்தபோது, செப்பு ஆக்சைடே மிகுந்த சேதத்தை விளைவித்தது.

இவற்றைப் படித்து அச்சம் கொள்ளத் தேவையில்லை. ஒரு முகக்கவசத்தில் உள்ள செம்பு இவ்வளவுகளுக்கு அருகிலும் வராது. துணியில் உறுதியாக ஒட்டியிருக்கும் துகள் வேறு; புட்டியில் மிதந்து, தெளிக்கும்போது மூச்சில் கலக்கும் துகள் வேறு. அளவு, வடிவம், உடலுக்குள் செல்லும் வழி ஆகிய மூன்றுமே ஆபத்தைத் தீர்மானிக்கின்றன.

நம் அடுக்களை கற்றுத்தந்த பாடம்

இம்மூன்றும் எவ்வளவு முக்கியம் என்பதை இந்தியா பெரும் விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. இந்தியக் குழந்தைப்பருவக் கல்லீரல் இறுக்க நோய் என்றொரு நோய் சில பத்தாண்டுகளுக்கு முன்வரை நாட்டின் பல பகுதிகளில் இருந்தது. பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளை அது தாக்கியது. வயிறு வீங்கி, மஞ்சள் காமாலை கண்டு, பலர் இறந்தனர். அக்குழந்தைகளின் கல்லீரலில் செம்பு மிக அதிகமாகச் சேர்ந்திருந்தது.

புனே நகரக் குழந்தைகளை ஆராய்ந்த மருத்துவர்கள், 1983இல் லான்செட் இதழில் ஒரு காரணத்தை முன்வைத்தனர். நோயுற்ற குழந்தைகளுக்கு மிக இளம் வயதிலேயே பித்தளை அல்லது செம்புப் பாத்திரங்களில் காய்ச்சிய, சேமித்த மாட்டுப்பால் புகட்டப்பட்டிருந்தது. பாலில் உள்ள புரதம் செம்பைப் பற்றிக்கொள்ளும். பச்சிளங்குழந்தையின் கல்லீரலுக்கோ அதிகப்படியான செம்பைப் பித்தநீர் வழியே வெளியேற்றும் திறன் முதிர்ந்திருக்காது. பரம்பரைக் கூறுகளும் பங்கு வகித்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. பால் காய்ச்சும் பாத்திரங்கள் எஃகுக்கும் அலுமினியத்துக்கும் மாறிய பின்னர் இந்நோய் மிகவும் அரிதாயிற்று. ஆஸ்திரியாவின் டைரோல் பகுதியிலும் இதே வரலாறு நிகழ்ந்துள்ளது. அங்கு 1900 முதல் 1974 வரை 138 குழந்தைகள் இத்தகைய நோயால் இறந்தனர். செம்புப் பாத்திரங்கள் மாற்றப்பட்டதும் நோய் மறைந்தது.

நம் மூத்தோர் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஆண்டுதோறும் ஈயம் பூசியதும், புளி சேர்த்த குழம்பையும் மோரையும் பூசாத பாத்திரத்தில் வைக்க மறுத்ததும் இங்கு நினைக்கத்தக்கன. நீருக்கு ஏற்ற பாத்திரம் புளிக்கும் பாலுக்கும் ஏற்றதாகாது என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

செம்புக் குடத்து நீர் அருந்தலாமா?

அருந்தலாம். பெங்களூருவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் கலந்த நீரைச் செம்புக் குடத்தில் 16 மணி நேரம் வைத்தபோது அவை வளர்ப்புச் சோதனையில் காணப்படவில்லை. காலரா, டைபாய்டு, சீதபேதிக் கிருமிகளும் அவற்றுள் அடங்கும். நீரில் கலந்த செம்பு லிட்டருக்கு ஏறத்தாழ 0.18 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 2 மில்லிகிராம். இந்தியத் தர நிர்ணயத்தின்படி விரும்பத்தக்க அளவு 0.05 மில்லிகிராம், மாற்று நீராதாரம் இல்லாத இடத்தில் அனுமதிக்கப்படும் உச்ச அளவு 1.5 மில்லிகிராம்.

ஆயினும் நம் கரிசல் காட்டின் நிலத்தடி நீரில் காணப்படும் உவர்ப்பையோ, ஃபுளோரைடு, நைட்ரேட் போன்றவற்றையோ செம்பு நீக்குவதில்லை. எலுமிச்சைச் சாறு, மோர், பால், புளிக்கரைசல் ஆகியவற்றைச் செம்பில் வைக்கக் கூடாது. கைக்குழந்தைக்கான பால்மாவைக் கரைக்கச் செம்புக் குடத்து நீரைப் பயன்படுத்துவதைத் தவிர்ப்பது நல்லது.

நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பொருத்தப்படும் காப்பர்-டி வளையமும் இவ்விடத்தில் நல்ல சான்று. 380ஏ வகை வளையத்தில் 380 சதுர மில்லிமீட்டர் செம்புப் பரப்பு உள்ளது. அது பத்து ஆண்டுகள் வரை கருப்பையில் இருந்து, மிகச் சிறிய அளவில் அயனிகளை வெளியிட்டுக் கருத்தரிப்பைத் தடுக்கிறது. அதன் அளவும் இடமும் கால எல்லையும் ஆய்ந்து வரையறுக்கப்பட்டுள்ளன. "உடலுக்குள் காப்பர்-டி வைக்கிறார்களே, நானோ செம்பைக் குடித்தால் என்ன?" என்று கேட்போருக்கு இதுவே விடை.

ஆறாத புண்ணில் ஊற்றலாமா?

கால்புண்ணுக்கு மருத்துவமனையில் கட்டு மாற்றிவந்த முதியவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் வருவதை நிறுத்திவிட்டார். இரண்டு வாரங்கள் கழித்து வந்தபோது பெருவிரல் கறுத்திருந்தது. கைப்பேசி விளம்பரத்தைப் பார்த்து வாங்கிய உலோகக் கரைசல் ஒன்றை வீட்டில் நாள்தோறும் தெளித்துவந்தனர். நாற்றம் குறைந்ததால் புண் ஆறுவதாக நம்பினர். சர்க்கரை நோயால் உணர்வு மங்கிய காலில் வலி தெரியவில்லை. விரலை அகற்ற வேண்டியதாயிற்று. அந்தக் கரைசல்தான் புண்ணைக் கெடுத்தது என்று நான் கூற மாட்டேன். அதை நம்பி இழந்த இரண்டு வாரங்கள்தான் விரலைப் பறித்தன.

செப்பு ஆக்சைடு சேர்த்த புண்கட்டுகள் சில வெளிநாடுகளில் அனுமதி பெற்றுள்ளன. அவற்றைப் பற்றிய ஆய்வுகளும் தொடர்கின்றன. அவை அளவு வரையறுக்கப்பட்ட மருத்துவச் சாதனங்கள். புண்ணைத் துப்புரவு செய்த பின்னர் மருத்துவரின் மேற்பார்வையில் பயன்படுத்தப்படுபவை. சர்க்கரை அளவைக் கட்டுப்படுத்துதல், இறந்த திசுவை அகற்றுதல், காலின் மேல் பாரம் விழாமல் காத்தல், இரத்த ஓட்டத்தைச் சோதித்தல் ஆகியவையே புண்ணை ஆற்றுகின்றன. மயில்துத்தப் பொடியைப் புண்ணில் இடுவது எந்நிலையிலும் கூடாது. திறந்த புண் வழியே அது இரத்தத்தில் கலந்து சிவப்பணுக்களையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடும்.

"நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்குக் கிருமிகள் பழகிவிட்டன, செம்புக்குப் பழகாது" என்னும் கூற்றும் முழு உண்மையன்று. செம்பை வெளியேற்றும் மரபணுக்களைப் பெற்ற பாக்டீரியாக்கள் அறியப்பட்டுள்ளன. சிலவற்றில் அம்மரபணுக்களும் மருந்து எதிர்ப்பு மரபணுக்களும் ஒன்றாகவே காணப்படுகின்றன. ஆகவே எங்கும் எதிலும் செம்பைக் கலப்பது நாளைய சிகிச்சைக்கே ஊறாகலாம்.

வயலில் தெளிப்போர் கவனத்திற்கு

மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை, காப்பர் ஆக்சிகுளோரைடு ஆகியன நீண்ட காலமாகப் பூஞ்சணக்கொல்லிகளாகப் பயன்படுகின்றன. 2024இல் திரவ வடிவ நானோ தாமிரம் பயிர் ஊட்டச்சத்தாக உரக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் அறிவிக்கை செய்யப்பட்டது. இவை பயிருக்கானவை. "பயிருக்கே நல்லது என்றால் மனிதனுக்கும் நல்லதுதானே" என்ற எண்ணம் தவறு.

தெளிக்கும்போது மூக்கையும் வாயையும் நன்கு மூடும் கவசம், கையுறை, முழுக்கைச் சட்டை ஆகியவற்றை அணியவும். ஈரத்துண்டு நுண்துளிகளைப் போதுமான அளவு தடுக்காது. காற்றுக்கு எதிராக நின்று தெளிக்க வேண்டாம். கலக்கிய வாளியை வீட்டுப் பயன்பாட்டுக்கு எடுக்கவோ, கண்மாயில் கழுவவோ கூடாது. பாசிகளும் மீன்களும் செம்பினால் எளிதில் பாதிக்கப்படும். மருந்தைக் குடிநீர்ப் புட்டியிலோ குளிர்பானப் புட்டியிலோ ஒருபோதும் ஊற்றி வைக்க வேண்டாம்.

கூடுதல் எச்சரிக்கை யாருக்கு?

- வில்சன் நோய் உள்ளவர்கள்: செம்பை வெளியேற்ற இயலாத இப்பரம்பரை நோய், ஏறக்குறைய 30,000 பேரில் ஒருவருக்கு இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது. தாய், தந்தை இருவரும் அதன் மரபணுவைச் சுமந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. சொந்தத்தில் மணம் புரிந்த குடும்பங்களில் இவ்வாய்ப்பு கூடும். இவர்கள் செம்புக் குடத்து நீரையும் காப்பர்-டி வளையத்தையும் தவிர்க்க வேண்டும்.
- கைக்குழந்தைகள், கல்லீரல் அல்லது பித்தநாள நோய் உள்ளவர்கள்.
- சிறுநீரக நோயாளிகள்.
- ஆஸ்துமா உள்ளவர்கள்: உலோகத் துகள் கலந்த தெளிப்பான்களை மூடிய அறையில் பயன்படுத்த வேண்டாம்.
- செம்பு சேர்ந்த பற்பம், செந்தூரம் உட்கொள்வோர்: பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் மட்டுமே பெற வேண்டும். பிற சிகிச்சை பெறும்போது அதனை மருத்துவரிடம் மறைக்காமல் தெரிவிக்க வேண்டும்.

விளம்பரத்தைப் பார்க்கும்போது கேட்க வேண்டியவை

1. கிருமி அழிந்தது எங்கே? துணியிலா, சோதனைக்குழாயிலா, நோயாளியின் உடலிலா?
2. துகள் ஒட்டியிருக்கிறதா, மிதக்கிறதா? எத்தனை முறை துவைத்தால் உதிரும் என்று குறிப்பிடப்பட்டுள்ளதா?
3. மருந்தாகவோ மருத்துவச் சாதனமாகவோ உரிம எண் பெற்றுள்ளதா?

நானோ மருந்துகளை மதிப்பிடுவதற்கான வழிகாட்டு நெறிகளை மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2019இலும், வேளாண் இடுபொருள்கள் மற்றும் உணவுப் பொருள்களுக்கான நெறிகளை 2020இலும் வெளியிட்டுள்ளது. துகளின் அளவு, அது உடலில் எங்கே சேர்கிறது, எவ்வாறு வெளியேறுகிறது போன்றவற்றை ஆராயாமல் ஒரு நானோ பொருளை மருந்தென்று ஏற்கலாகாது என்பதே அவற்றின் சாரம்.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

செம்பு கலந்த பொருளை விழுங்கிய பின் நீலம் அல்லது பச்சை நிற வாந்தி, வாயில் உலோகச் சுவை, கடும் வயிற்றுவலி, கருஞ்சிவப்புச் சிறுநீர், மஞ்சள் காமாலை, சிறுநீர் குறைதல் ஆகியன ஆபத்தின் அறிகுறிகள். உப்புக்கரைசல், புளிக்கரைசல், சோப்பு நீர் கொடுத்து வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். 108 அவசர ஊர்தியை அழைத்து, விழுங்கிய பொருளின் புட்டியையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். முதல் நாள் வாந்தி நின்று நலமாகத் தோன்றினாலும், இரத்த அணுக்களும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருப்பது அடுத்த ஓரிரு நாள்களில் தெரியவரலாம். ஆகையால் மருத்துவர் கூறும் வரை வீடு திரும்ப வேண்டாம். பிற ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணைத் தொடர்புகொள்ளலாம்.

செம்பு பூசிய துணியோ கைப்பிடியோ கிடைத்தால் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். கை கழுவுவதை மட்டும் கைவிட வேண்டாம். செம்புக் குடத்தில் நல்ல நீரை வைத்து அருந்தலாம். நானோ செம்பு என்று பெயரிட்ட கரைசலைக் குடிக்கவும், முகரவும், புண்ணில் ஊற்றவும் வேண்டாம். புட்டியை ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தால், அடுத்த முறை வரும்போது அதைக் கையோடு எடுத்து வந்து மருத்துவரிடம் காட்டுங்கள். கட்டு மாற்றும் நாளையும் மாத்திரை வாங்கும் நாளையும் தவறவிடாதீர்கள்.